முதுகில் கூடுகளைச் சுமக்கும் புழு ஏன் சாப்பிடாமல் நிற்கிறது? – ஒட்டுண்ணிக் குளவிகள் பற்றி

கவின்_மேக்ரோ

பூச்சிகளை நெருக்கத்தில் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை கிடைத்தது ஒரு பருத்த பச்சைப் புழு. முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக, நீள்வட்டமாக, பஞ்சு சுற்றியது மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. புழு உயிரோடுதான் இருக்கிறது. குச்சியால் தொட்டால் தலையை வெடுக்கென்று திருப்புகிறது. ஆனால் இலைமேல் நின்றுகொண்டே ஒரு கடிகூடக் கடிக்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அவை முட்டைகளா? ஏதாவது விஷம் ஏறித்தான் புழு இப்படி நிற்கிறதா? அவற்றைப் பிய்த்து எடுத்துவிட்டால் பிழைக்குமா?

செவ்வந்தி

முட்டைகள் இல்லை, குளவியின் கூடுகள். முட்டைக் கட்டம் முடிந்து நாளாகிவிட்டது, அதுவும் புழுவின் உடம்புக்குள்ளேயே. பிரக்கானிட் குடும்பம், கோட்டீசியா பேரினம் என்று தோன்றுகிறது. படத்தை வைத்து இனம் வரை சொல்லத் துணிய மாட்டேன்.

இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது கோட்டீசியா கான்க்ரிகேட்டா குளவியும் புகையிலைக் கொம்புப்புழுவும். தாய்க் குளவி புழுவின் தோலைக் குத்தி உள்ளே முட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். ஒரே புழுவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குளவிப் புழுக்கள் வளரலாம். ரத்தத்தில் மிதந்தபடி அதையே உண்டு வளர்வதால் முக்கிய உறுப்புகள் சேதமாவதில்லை. முதிர்ந்ததும் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த நேரத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வெளியே வரும்போதே அவை தோலுரிக்கின்றன. உரித்த தோல் துளையிலேயே நின்று அதை அடைத்துவிடுகிறது. இத்தனை துளைகள் இருந்தும் புழு ரத்தம் ஒழுகிச் சாகாததற்கு இதுதான் காரணம். வெளியே வந்த கையோடு பட்டு நூற்றுக் கூடு கட்டத் தொடங்கிவிடும். நீங்கள் பார்த்தது அந்தக் கூடுகளைத்தான்.

பிய்த்து எடுத்தாலும் புழு பிழைக்காது. பல நாட்கள் இப்படியே நின்றுவிட்டுச் செத்துப்போகும்.

பழைய மரவட்டை

சாப்பிட்டுக்கொண்டே படிக்கக் கூடாத இழைகளுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கலாமே, நிர்வாகிகளே.

தும்பி77

ரத்தத்தை நூறு பேர் உறிஞ்சிக் குடித்தபிறகு எந்தப் புழுதான் சாப்பிடும்? பலவீனம், அவ்வளவுதான். இதைப் போய் "குளவி மூளையை ஆட்டிவைக்கிறது" என்று காணொளிக்குக் காணொளி சொல்கிறார்கள். ஆட்டிவைக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

செவ்வந்தி

நியாயமான கேள்வி. பலவீனம் என்றால் சரிவு படிப்படியாக வர வேண்டும், தசைகளும் தளர வேண்டும். இங்கே அப்படி நடப்பதில்லை. குளவிப் புழுக்கள் வெளியேறுவதற்குச் சில மணி நேரம் முன்புவரை கொம்புப்புழு மேய்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் சட்டென்று நிறுத்திவிடும், திரும்பத் தொடங்காது. தானாக நகர்வதும் நின்றுபோகும். ஆனால் கவின் பார்த்தாரே, தொட்டால் வெடுக்கென்று திரும்புகிறது என்று. அனிச்சைச் செயல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தசையிலும் நரம்பிலும் கோளாறு இல்லை. சாப்பிடுவதும் தானாக நடப்பதும் மட்டும் நின்றுவிட்டன.

அந்த நேரத்தில் புழுவின் ரத்தத்தில் ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருளின் அளவு வழக்கத்துக்கு மீறி ஏறிக் கிடக்கிறது. ஷெல்லி அடமோ என்ற ஆய்வாளர் 1997-இல் இதைக் காட்டினார். நமக்கு நார்அட்ரினலின் செய்யும் வேலையைப் பூச்சிகளில் ஏறக்குறைய ஆக்டோபமைன் செய்கிறது. அது மிகுந்தால் முன்குடலின் அசைவு தடுமாறும். உணவை உள்ளே தள்ளும் அந்தச் சீரான அலை கலைந்தால் விழுங்குவதே நடக்காது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்த ஆக்டோபமைனைக் குளவிகள் வெளியிலிருந்து கொட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நோய்த்தொற்று வந்த பூச்சி தன் எதிர்ப்பு மண்டலத்தின் சைகைகளால் தானே பசியை அடக்கிக்கொள்ளும். காய்ச்சல் வந்தால் நமக்கு வாய் கசந்து சாப்பாடு பிடிக்காமல் போகிறதே, அந்த மாதிரி. நூறு குளவிப் புழுக்கள் ஒரே நேரத்தில் தோலைக் கிழித்தால் அந்த எதிர்ப்பு மண்டலம் அலறத்தானே செய்யும்? புழுவிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த ஏற்பாட்டையும் குளவி பயன்படுத்திக்கொள்கிறது என்பது அடமோவின் வாதம். சாதாரண நோயில் சில நாளில் பசி திரும்பிவிடும். இங்கே திரும்புவதில்லை.

குளவிக்கு இதில் என்ன லாபம்? பசியோடு திரியும் புழு முதுகிலிருக்கும் கூடுகளை உதிர்த்துவிடலாம், கடித்தும் தின்னலாம்.

ஆகவே தும்பி, "மூளையை ஆட்டிவைக்கிறது" என்பதில் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் என் காரணம் வேறு. குளவி புதிதாக ஒரு கட்டளையைக் கொண்டுவந்து திணிப்பது குறைவு. ஓம்புயிரியின், அதாவது ஒட்டுண்ணிக்கு இரையாகும் உயிரின், உடம்பில் இருக்கும் ஹார்மோன், எதிர்ப்பாற்றல், பசி எல்லாவற்றையும் தனக்கு வேண்டிய பக்கம் சாய்த்துவிட்டு அங்கேயே பிடித்துவைக்கிறது.

நந்தினி_ஆர்

செவ்வந்தி கடைசிக் காட்சியிலிருந்து தொடங்கிவிட்டார். :) அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. முட்டையை உள்ளே வைத்ததும் புழுவின் ரத்த அணுக்கள் ஏன் அதைக் கொல்லவில்லை?

புழுவின் ரத்தத்தில் அந்நியப் பொருள் ஏதாவது நுழைந்தால் ரத்த அணுக்கள் ஓடிவந்து அதன்மேல் தட்டையாகப் பரவி, அடுக்கடுக்காக மூடி, ஒரு உறையாக்கிவிடும். கூடவே பீனால் ஆக்சிடேஸ் நொதி வேலைசெய்து அந்த உறையைக் கறுப்பாக்கும். உள்ளே இருப்பது மூச்சுக்கு வழியில்லாமல் செத்துவிடும். குளவி முட்டைக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

1981-இல் எட்சன், வின்சன் குழுவினர் கேம்போலெட்டிஸ் சோனரென்சிஸ் என்ற குளவியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முட்டைகளை நன்றாகக் கழுவி, ஊசிவழியே புழுவுக்குள் செலுத்தினால் உறைக்குள் சிக்கிச் செத்துப்போயின. அதே முட்டைகளோடு குளவியின் சினைப்பைப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் துகள்களையும் சேர்த்துச் செலுத்தினால் பிழைத்தன. அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்துவிட்டுச் செலுத்தினால் மறுபடி சாவுதான்.

ஆக, குளவி முட்டையை மட்டும் இடுவதில்லை. முட்டையோடு சேர்த்து வைரஸையும் ஏற்றுகிறது. பாலிடிஎன்ஏ வைரஸ்கள் என்று இவற்றுக்குப் பெயர்.

ஆதவன்_இயற்பியல்

ஒரு நிமிடம். அப்படியென்றால் குளவிக்கே வைரஸ் நோயா? அதற்கு ஒன்றும் ஆகாதா? புழுவுக்குள் போய் அந்த வைரஸ் பெருகுகிறதா?

நந்தினி_ஆர்

நோய் இல்லை, குளவிக்கு ஒன்றும் ஆகாது, புழுவுக்குள் பெருகுவதும் இல்லை. :)

இந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் சொந்தக் குரோமோசோம்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மற்ற மரபணுக்கள் வருவதுபோலவே இவையும் வருகின்றன. துகள்கள் உருவாவது பெண் குளவியின் சினைப்பையில் காலிக்ஸ் என்ற ஒரே பகுதியில்தான். துகளுக்குள் வட்டவட்டமான டிஎன்ஏ துண்டுகள் பல இருக்கும். அவற்றில் புழுவை முடக்கும் மரபணுக்கள் உண்டு, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையானவை கிடையாது. அவை குளவியிடமே தங்கிவிடுகின்றன. எனவே புழுவின் செல்லுக்குள் நுழைந்து அங்கே புரதங்களை உண்டாக்க வைப்பதோடு சரி, பெருகுவது நடக்காது.

பிரக்கானிட் குளவிகளின் வைரஸ் எங்கிருந்து வந்தது என்பது 2009-இல் தெளிவானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நூடிவைரஸ் என்ற வகை ஒரு மூதாதைக் குளவியின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இக்நியூமானிட் குளவிகளிலும் இதே மாதிரி உண்டு, ஆனால் அதன் மூதாதை வேறொரு வைரஸ். தனித்தனியாக இரண்டு குடும்பங்கள் ஒரே தந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

புழுவுக்குள் இவை செய்யும் வேலை பலவிதம். ரத்த அணுக்களைப் பரவி ஒட்ட விடாமல் தடுக்கும், சில அணுக்களைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கும். மைக்ரோப்ளைட்டிஸ் டெமோலிட்டர் குளவியின் வைரஸ் தரும் ஒரு புரதம் அந்தக் கறுப்பாக்கும் நொதித் தொடரை முன்கூட்டியே அறுத்துவிடும். வேன்கைரின் என்ற இன்னொரு குடும்பப் புரதங்கள் எதிர்ப்பு மரபணுக்களை எழுப்பும் சைகையைத் தடுக்கும். அவை பூச்சியின் சொந்தத் தடுப்புப் புரதம் ஒன்றின் சாயலில் இருப்பவை. செவ்வந்தி சொன்னதோடு இது ஒத்துப்போகிறது பாருங்கள். தடுப்பு ஏற்கெனவே பூச்சியிடம் உண்டு, வைரஸ் தருவது அதை விலக்க முடியாத ஒரு பதிப்பு.

பழைய மரவட்டை

கரப்பான் பூச்சியைக் குளவி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகிற காணொளி பார்த்திருக்கிறேன். அதிலாவது மூளை உண்டா, தும்பி அனுமதிப்பாரா?

தும்பி77

அந்தக் காணொளிக்கு அனுமதி உண்டு. ஆனால் விளக்கம் வேண்டும்.

செவ்வந்தி

அது கை இல்லை, உணர்கொம்பு. ஆம்பியூலெக்ஸ் கம்ப்ரெஸா என்ற பச்சை மினுக்குக் குளவி. இதில் மூளை நேரடியாகவே சம்பந்தப்படுகிறது, இரண்டு கொட்டில் வேலை முடிகிறது.

முதல் கொட்டு மார்புப் பகுதியில். சில நிமிடங்களுக்கு முன்கால்கள் செயலிழக்கும். விஷத்தில் இருக்கும் காபா, டாரின், பீட்டா அலனின் மூன்றும் சேர்ந்து அங்குள்ள நரம்பணுக்களை அடக்குகின்றன. முன்கால்களால் உதைத்துத் தள்ள முடியாத அந்த இடைவெளியில், கழுத்தின் மென்மையான தோல் வழியாக இரண்டாவது கொட்டு, நேராகத் தலைக்குள். கொடுக்கின் நுனியில் உணர்வு உறுப்புகள் இருக்கின்றன. மூளையை அகற்றிய கரப்பானைக் கொடுத்துப் பார்த்தபோது குளவி வழக்கத்தைவிட வெகுநேரம் தலைக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கொட்டுக்குப் பிறகு கரப்பான் அரைமணி நேரம்போல ஓயாமல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டிருக்கும். விஷத்திலுள்ள டோபமைன்தான் இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். அதற்குள் குளவி போய் ஒரு பொந்தைப் பார்த்துவிட்டு வருகிறது. வந்ததும் உணர்கொம்புகளைப் பாதியாக நறுக்கி, வழியும் ரத்தத்தைக் குடிக்கும். அப்புறம் மிஞ்சிய கொம்பைக் கவ்வி இழுத்தால் கரப்பான் தன் கால்களால் நடந்தே பின்னால் போகும். நடக்க முடியும், புரட்டிப் போட்டால் நிமிரவும் செய்யும். தானாக நடையைத் தொடங்குவதுதான் இல்லை.

இங்கே ஆக்டோபமைனைக் கவனியுங்கள். கொம்புப்புழுவில் அது ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. கரப்பானில் கதை தலைகீழ். ஆக்டோபமைன் வேலையைச் செய்யக்கூடிய ஒரு மருந்தை உள்ளே செலுத்தியபோது கொட்டுப்பட்ட கரப்பான்கள் தாமாக நடப்பது கூடியது. இது 2007-இல் வந்த ஆய்வு. ஒரே வேதிப்பொருள், ஒரு குளவி ஒரு பக்கம் சாய்க்கிறது, இன்னொன்று மறுபக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டுப்பட்ட கரப்பான் மூச்சுவாங்கும் அளவு குறைந்துவிடும். தண்ணீரில்லாமல் வைத்தால் மற்ற கரப்பான்களைவிட அதிக நாள் தாங்கும். உள்ளே குளவிப் புழு வளர்ந்து முடியும்வரை இறைச்சி கெடாமல் இருக்க வேண்டுமே.

கவின்_மேக்ரோ

அருமை. படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று வந்தவன் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். அந்தப் புழு இந்நேரம் கூட்டுப்புழுவாகி இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அதையும் குளவிதான் தடுத்ததா?

செவ்வந்தி

பெரும்பாலும் ஆம். புழு கூட்டுப்புழுவாக மாற ரத்தத்தில் இளமை ஹார்மோன் வடிய வேண்டும், உருமாற்றத்தைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோன் உரிய நேரத்தில் எழ வேண்டும். கோட்டீசியா தாக்கிய கொம்புப்புழுவில் இளமை ஹார்மோன் வடிவதே இல்லை, அதைச் சிதைக்கும் நொதி அடங்கிப்போகிறது. புழு புழுவாகவே நின்றுவிடும்.

கெலோனஸ் பேரினம் இதற்கு நேர் எதிர். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும். பொரித்து வளரும் அந்துப்பூச்சிப் புழு ஒரு கட்டம் முன்னதாகவே உருமாறத் தொடங்கி, பாதியில் நின்றுபோகும்.

இதில் வைரஸும் விஷமும் மட்டும் இல்லை. சில குளவிகளில் முட்டை பொரிக்கும்போது கருவைச் சுற்றியிருந்த சவ்வு தனித்தனிச் செல்களாகப் பிரிந்து புழுவின் ரத்தத்தில் மிதக்கும். டெரட்டோசைட் என்பார்கள். அவை பிரிந்து பெருகாது, ஒவ்வொன்றும் பருத்துக்கொண்டே போகும், புரதங்களைச் சுரக்கும். கோட்டீசியா வெஸ்டாலிஸ் குளவியில் இந்தச் செல்கள் குட்டி ஆர்என்ஏக்களை அனுப்பி, எக்டைசோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைப் புழுவின் செல்களில் குறைத்துவிடுவதை 2018-இல் காட்டினார்கள். ஹார்மோன் இருந்தாலும் அதைக் கேட்க ஆளில்லை.

தும்பி77

அப்போது பயிரைக் காக்க இந்தக் குளவிகளை விட்டாலும் பலன் உடனே கிடைக்காது என்றுதானே பொருள்? புழு இன்னும் தின்றுகொண்டுதானே இருக்கும்?

செவ்வந்தி

குளவியைப் பொறுத்தது. கொட்டிய உடனே வளர்ச்சியை நிறுத்திவிடும் வகைகளும் உண்டு, ஓம்புயிரியை வளரவிட்டு உண்ணும் வகைகளும் உண்டு. முட்டையையே தாக்கும் ட்ரைக்கோகிரம்மா என்றால் புழு வெளியே வருவதே இல்லை. கோபிடோசோமா ஃப்ளோரிடானம் என்றால் உங்கள் கவலை சரிதான். அது இடும் ஒரே முட்டை பிரிந்து பிரிந்து 2000-க்கும் மேற்பட்ட புழுக்களாகும். அத்தனைக்கும் இடமும் தீனியும் வேண்டும் என்பதால் தாக்கப்பட்ட புழு மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்து, கூடுதலாகத் தின்னும். அதன் சந்ததி வராது, அந்தத் தலைமுறையின் வாய் மட்டும் நிற்காது.

கொழுப்பு பற்றியும் ஒரு வரி. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் முதிர்ந்த பருவத்தில் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்க்கும் திறனை இழந்தவை. புழுப்பருவத்தில் சேர்த்ததுதான் வாழ்நாள் கையிருப்பு. நாசோனியா போன்ற குளவிகளின் விஷம் ஈயின் கூட்டுப்புழுவில் கொழுப்பு அளவை ஏற்றுவது ஏன் என்று இப்போது புரியும்.

பழைய மரவட்டை

பாவம் இந்தப் புழுக்கள். ஒரு தடவையாவது ஜெயிக்காதா?

நந்தினி_ஆர்

ஜெயிக்கும். பழ ஈயின் புழுவுக்கு லேமெல்லோசைட் என்ற தனி ரத்த அணுக்கள் உண்டு. குளவி முட்டை வந்தால் அவை பெருகி அதை மூடிவிடும். ஜெயித்த புழுவின் மெல்லிய தோல் வழியே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அதுதான் செத்த முட்டை. தாய் ஈ குளவியைக் கண்ணால் பார்த்தாலே ஆல்கஹால் உள்ள இடத்தைத் தேடி முட்டையிடும் என்பது 2013-இல் வந்த ஆய்வு. ஆல்கஹாலைக் குளவிப் புழுக்கள் அவ்வளவாகத் தாங்காது.

அசுவினிகளோ பாக்டீரியாவை நம்பியிருக்கின்றன. ஏஃபிடியஸ் எர்வி குளவியின் விஷம் பட்டாணி அசுவினியின் சினைப்பையை அழித்துவிடும். இனப்பெருக்கத்துக்குப் போக வேண்டிய சத்து குளவிக்குக் கிடைக்கும். ஆனால் ஹேமில்டனெல்லா என்ற பாக்டீரியா உடம்பில் இருக்கும் அசுவினி பலமுறை தப்பிவிடுகிறது. அதற்கும் அந்த பாக்டீரியாவுக்குள் வைரஸ் இருக்க வேண்டும், அதன் நச்சு மரபணுக்கள்தான் காப்பாற்றுகின்றன.

பொறிவண்டு இன்னும் விசித்திரம். டைனோகாம்பஸ் என்ற குளவியின் புழு வண்டின் உடம்பிலிருந்து வெளியே வந்து அதன் கால்களுக்கு நடுவே கூடு கட்டும். வண்டு நடுங்கியபடி அதன்மேல் நிற்கும். குளவிப் புழுவிலிருந்து வந்த ஒரு ஆர்என்ஏ வைரஸ் அந்த நேரத்தில் வண்டின் மூளையில் நிறைந்திருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். வைரஸ் வடிந்ததும் சுமார் கால் பங்கு வண்டுகள் தேறி எழுந்து நடந்துவிடுகின்றன.

கவின்_மேக்ரோ

என் படத்தில் ஒரு கூட்டின்மேல் வேறொரு பொடிக் குளவி உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது இப்போதுதான் கூட்டிலிருந்து வெளிவந்ததா?

செவ்வந்தி

கூட்டின் ஒரு முனை மூடிபோல வட்டமாகத் திறந்திருந்தால் அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். கூடு மூடியே இருந்தால், அந்தக் கூட்டுக்குள் முட்டையிட வந்த மேல்-ஒட்டுண்ணியாக இருக்கலாம், குளவியைத் தின்னும் குளவி.

முட்டைக்கோஸ் புழுவைத் தாக்கும் கோட்டீசியாவை லைசிபியா நானா என்ற குளவி எப்படித் தேடிப் பிடிக்கிறது தெரியுமா? செடியின் வாசனையை வைத்து. ஒட்டுண்ணி ஏறிய புழுவின் எச்சில் மாறிவிடுகிறது. மாறிய எச்சில் பட்ட இலை வேறு வாசனையை விடுகிறது. 2012-இல் இதைக் காட்டினார்கள். எச்சிலை மாற்றியதில் நந்தினி சொன்ன வைரஸுக்குப் பங்கு உண்டு என்று 2018-இல் தெரியவந்தது. தன் பிள்ளைகளைக் காக்க ஏற்றிய வைரஸே அவை இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆதவன்_இயற்பியல்

நந்தினி, அந்த டிஎன்ஏ வட்டங்கள் புழுவின் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போக முடியுமா?

தும்பி77

தாக்கப்பட்ட புழுதான் செத்துவிடுகிறதே. எந்த அடுத்த தலைமுறை?

நந்தினி_ஆர்

எல்லாமே சாவதில்லை. குளவி சில சமயம் தனக்குப் பொருந்தாத இனத்துப் புழுவைக் கொட்டும், முட்டை உறைக்குள் சிக்கிச் செத்துப்போகும், புழு பிழைக்கும். வைரஸ் மட்டும் உள்ளே போயிருக்கும். அது இனச்செல்லில் ஒட்டிக்கொண்டால் வாரிசுகளுக்குப் போகும்.

போயும் இருக்கிறது. மோனார்க் வண்ணத்துப்பூச்சி, பட்டுப்பூச்சி, ஸ்போடோப்டெரா அந்துப்பூச்சிகளின் மரபணுத் தொகுதிகளில் பிரக்கானிட் குளவி வைரஸின் துண்டுகள் இருப்பதை 2015-இல் ஒரு குழு வெளியிட்டது. ஸ்போடோப்டெராவில் அப்படி வந்த இரண்டு மரபணுக்கள் பாகுலோவைரஸ் என்ற கொடிய தொற்றுக்கு எதிராக வேலை செய்யக்கூடும் என்பதற்கும் அதே ஆய்வில் சான்று இருக்கிறது.